உடையின் நிறத்தோடு நிறுத்திவிடாதீர்கள்: தமிழ் இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அயல்நாட்டு அதிபர் ஒருவர் மனைவியுடன் டெல்லியில் வந்து இறங்கினால், மறுநாள் நம் இதழ்களில் அதிபருக்கு ஒப்பந்தம், பேச்சுவார்த்தை என்று முழுப் பக்கம் கிடைக்கிறது. மனைவிக்குக் கிடைப்பது ஒரு படமும், அவர் அணிந்திருந்த உடையின் நிறமும்தான். இதைப் படித்துப் படித்து மனம் வெறுத்துப்போன வாசகிகளில் நானும் ஒருத்தி. அந்தப் பெண்களையும் அரசியல் செய்தியாக எழுதுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இந்த மடல்.

உடையைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதினால் முழுவதும் எழுதுங்கள். ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, அவருடைய மனைவி ஜானகி வெங்கட்ராமன் ஆந்திரக் கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான ஆப்கோவின் விற்பனை நிலையத்தில் ஒரு கேள்வி கேட்டார். பட்டுப்புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டுப்புடவை கிடைக்குமா? அப்படி ஒன்று அங்கே இல்லை. ஆனால் அங்கே பணியாற்றிய குசுமா ராஜய்யா அந்தக் கேள்வியை மறக்கவில்லை. வழக்கமாகக் கூட்டைப் புழுவோடு கொதிநீரில் போட்டுத்தான் இழை எடுப்பார்கள். அவரோ பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்வரை காத்திருந்து, அறுந்த இழைகளைப் பஞ்சு நூற்பதுபோல் நூற்று நெய்யச் செய்தார். பளபளப்பு குறைவு, நேரமும் விலையும் அதிகம். இன்று அகிம்சைப் பட்டு என்ற பெயரில் அது கடல் கடந்தும் போகிறது. ஆணையிடும் அதிகாரம் ஏதும் இல்லாதவர் புடவைக் கடையில் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது அது. தமிழகத்திலிருந்து ராஷ்டிரபதி பவனுக்குச் சென்றவரைப் பற்றிய இந்தச் செய்தி நம் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்காவிலும் அதிபரின் மனைவிக்குச் சம்பளம் கிடையாது. அரசியல் சட்டத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் பெட்டி ஃபோர்டு செய்ததைப் பாருங்கள். 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலக, பெட்டியின் கணவர் ஜெரால்டு ஃபோர்டு அதிபரானார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 28 அன்று பெட்டிக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த நோயின் பெயரைச் சொல்லவே வீடுகளில் கூசிய காலம் அது. 'உடல்நலக் குறைவு' என்று இரண்டே சொல்லில் மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை. என்ன நோய், என்ன அறுவை என்பதெல்லாம் நாட்டுக்குச் சொல்லப்பட்டது. பெதஸ்தா கடற்படை மருத்துவமனையில் எடுத்த படம் ஒன்று உண்டு. நாடாளுமன்ற மேலவையான செனட்டின் 100 உறுப்பினர்களும் கையெழுத்திட்டு அனுப்பிய மடலைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதே நாட்களில் அமெரிக்கா முழுவதும் பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள். அந்த ஆண்டு கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோய்களின் எண்ணிக்கை சட்டென்று உயர்ந்தது. நோய் பெருகியதால் அல்ல. மறைந்திருந்தது வெளியே வந்ததால். துணை அதிபராக முன்மொழியப்பட்டிருந்த நெல்சன் ராக்ஃபெல்லரின் மனைவியும் அடுத்த சில வாரங்களில் தம்மைத் தாமே சோதித்துப் பார்த்துக் கட்டியைக் கண்டுபிடித்தார்.

மதுவுக்கும் மாத்திரைகளுக்கும் அடிமையானதையும் பிற்காலத்தில் பெட்டியே வெளியே சொன்னார். 1982-இல் கலிஃபோர்னியாவில் அதற்கென ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அவருடைய கணவர் அதிபராக இருந்தது இரண்டரை ஆண்டுக்கும் குறைவு. அந்த ஆட்சியில் கையெழுத்தான பல சட்டங்களைவிட, மருத்துவமனையிலிருந்து வந்த அந்தச் செய்தி அதிக உயிர்களைக் காத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் உங்கள் தொழிலுக்கே நெருக்கமானவர். 1933-இல் வெள்ளை மாளிகையில் அவர் தொடங்கிய பத்திரிகையாளர் சந்திப்புகளில் பெண் செய்தியாளர்களுக்கு மட்டுமே அனுமதி. பொருளாதாரப் பெருமந்தம் வேலைகளை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தச் செய்தி வேண்டுமென்றால் ஒரு பெண்ணையாவது வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்ற நிலை இதழ்களுக்கு வந்தது. கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அரங்கம் தர மறுத்த மகளிர் அமைப்பிலிருந்து 1939-இல் தாம் விலகுவதை எலினோர் தமது நாளிதழ்ப் பத்தியிலேயே எழுதினார். கணவர் மறைந்த பிறகு ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்குத் தலைமை ஏற்று, 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

புகழ்ச்சி மட்டும் எழுதுங்கள் என்று கேட்கவில்லை. 1919 அக்டோபரில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபோது, யார் அவரைப் பார்க்கலாம், எந்தக் கோப்பு படுக்கைவரை போகலாம் என்று முடிவு செய்தவர் அவருடைய மனைவி எடித். நோயின் கடுமை மக்களுக்கு மறைக்கப்பட்டது. யாரும் வாக்களிக்காத ஒருவர் கையில் அவ்வளவு அதிகாரம் இருந்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். அதிபரின் பணியில் உதவும் மனைவிக்கு அரசு ஊழியர்களைத் தர 1978-இல் அங்கே சட்டமே வந்துவிட்டது. பொதுப் பணம் செலவாகும் இடத்தில் கேள்வி கேட்பது உங்கள் வேலை அல்லவா?

நம் நாட்டிலும் எழுத நிறைய இருக்கிறது. குடியரசுத் தலைவராக இருந்த ஃபக்ருதீன் அலி அகமதுவின் மனைவி பேகம் ஆபிதா அகமது 1981-இல் பரேலி இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றார். இன்னொரு குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனின் மனைவி உஷா பர்மாவில் பிறந்து, பர்மியச் சிறுகதைகளை மொழிபெயர்த்தவர்.

ஆகவே அடுத்த முறை ஓர் அதிபர் வரும்போது, உடன் வருபவரைப் பற்றிய செய்தியை அரசியல் செய்தியாளரிடம் ஒப்படையுங்கள். அவர் எந்தத் துறையில் உழைக்கிறார், எந்த முடிவில் அவர் குரல் இருந்தது, அவர் அலுவலகத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள். புடவையின் நிறத்துக்குக் கடைசி வரியில் இடம் கொடுத்தால் போதும்.

மிக்க அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி