அதிபர் கடிதம்: தரம் 9 சீகிரியா கல்விச் சுற்றுலா

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். பெப்ரவரி 21, சனிக்கிழமை தரம் 9 பிள்ளைகளைச் சீகிரியாவுக்கு அழைத்துப் போகிறோம். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி கிடைத்துவிட்டது. பிள்ளைகள் 41 பேர், ஆசிரியர்கள் 5 பேர், பெற்றோர் சங்கத்திலிருந்து 3 பேர். ஒரே பஸ்.

பஸ் தோட்டத்தின் மேற்பிரிவுக்கு ஏறாது. எல்லாரும் காலை 4.45க்கு ஸ்டோர் சந்தியில் நிற்க வேண்டும். 5 மணிக்குப் பஸ் எடுக்கப்படும். பிள்ளையை ஏற்றிவிட்டு நீங்கள் பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு)ப் போய்ச் சேரலாம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வெயில். ஏறும் பாதையில் பெரும்பகுதி பாறையின் மேற்கு முகத்தில் இருப்பதால் காலையில் நிழலாக இருக்கும். மத்தியானம் தாண்டினால் முழு வெயிலும் அங்கேதான். 9 மணிக்குள் ஏறத் தொடங்கினால் 11.30க்கு எல்லாரும் கீழே இருப்பார்கள்.

ரத்தோட்டையிலிருந்து மாத்தளை வரைக்கும் உள்ள வளைவுகளை உங்களுக்குத் தெரியும். வாந்தி எடுக்கும் பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள், முன் ஆசனம் ஒதுக்குவோம். வைத்தியர் எழுதித் தந்த மாத்திரை இருந்தால் பஸ் ஏற அரை மணி நேரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். முதல் வளைவில் கொடுத்தால் வாந்தி மாத்திரையோடு வெளியே வந்துவிடும். அந்த மாத்திரை தூக்கமும் வரவைக்கும். தூக்கக் கலக்கத்தோடு இரும்புப் படியில் ஏறக் கூடாது. ஆகவே மாத்திரை போட்டதை வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையைக் கடைசிக் குழுவில் ஏற்றுவோம். வீட்டில் எண்ணெய் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம். காலைச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுங்கள், நாவுலயில் நிறுத்திச் சாப்பிடுவோம்.

சீகிரியா என்றால் பாறை என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது ஒரு நகரம். தந்தை தாதுசேனனைக் கொன்று அரசேறிய காசியப்பன் 477 முதல் 495 வரை அங்கிருந்து ஆண்டான். இந்தியாவுக்குத் தப்பிப்போன தம்பி முகலன் படையோடு வருவான் என்ற பயம் அவனுக்கு. அகழி, மதில், நீர்ப்பூங்கா, அதற்கு மேலே கற்பாறைப் பூங்கா, படிப்படியான மேடைகள், சுமார் 180 மீற்றர் உயரப் பாறையின் உச்சியில் அரண்மனை. நீர்ப்பூங்காவில் அரை மணி நேரம் நிற்கப் போகிறோம். வட்டமான சுண்ணாம்புக்கல் பலகை, அதில் சிறு துளைகள். நிலத்தடிக் கால்வாயில் வரும் நீர் அழுத்தத்தால் அந்தத் துளைகள் வழியே பீறிடுகிறது. மழைக்குப் பின் இன்றும் அது வேலை செய்கிறது. விஞ்ஞான ஆசிரியர் அங்கேயே அழுத்தப் பாடம் நடத்துவார், கொப்பி கட்டாயம்.

மேலே சுமார் 1,200 படிகள். பாதி வழியில் சுவரோவியங்கள். அங்கே படம் எடுக்கத் தடை. அடுத்து கண்ணாடிச் சுவர், அதாவது ஒரு காலத்தில் கண்ணாடிபோல் பளபளத்த சுவர். பல நூறு ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் அதில் சிங்களக் கவிதைகள் கீறிப்போனார்கள். பேராசிரியர் பரணவிதான அவற்றில் 685ஐப் படித்து 1956இல் வெளியிட்டார். அவர்கள் எழுதினார்களே என்று நம் பிள்ளை எழுதக் கூடாது. 2015இல் அந்தச் சுவரில் பெயர் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டு, ஜனாதிபதி மன்னிப்பில்தான் வெளியே வந்தார். கொம்பாஸ் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பென்சில் ஒன்று போதும்.

சிங்கப்பாதத்துக்கு, அதாவது சிங்கத்தின் பாத வடிவில் அமைந்த வாசலுக்கு, மேலேதான் கவனம் அதிகம் தேவை. பாறையின் கீழ்வளைவில் பெரிய அடைகளாகத் தொங்குவது மலைத்தேனீ. நம் பேச்சில் அதுவும் குளவிதான். கொழுந்து மலையில் நிற்கும் உங்களுக்கு நாங்கள் குளவியைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை, நீங்களே பிள்ளைக்குச் சொல்லுங்கள்: சத்தம் போடக் கூடாது, கல் எறியக் கூடாது. சென்ட், வாசனைப் பவுடர், தலையில் மல்லிகை எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு துவாய் கொண்டுவர வேண்டும். குளவி கிளம்பினால் தளத்தில் நிற்பவர்கள் கம்பிவலைக் கூண்டுக்குள் போக வேண்டும். படியில் நிற்பவர்கள் துவாயால் முகத்தையும் கழுத்தையும் மூடிக் குந்திக்கொண்டு, ஆசிரியர் சொன்னபடி ஒவ்வொருவராக இறங்க வேண்டும். கையை வீசினால் இன்னும் வரும். ஒடுங்கிய இரும்புப் படியில் முண்டியடித்து ஓடுவது குளவி கொட்டுவதைவிட ஆபத்து.

ஆகவே ஒன்றை மறைக்காமல் எழுதுங்கள். முன்பு குளவி கொட்டி மூச்சுத் திணறியதா, முட்டு (ஆஸ்துமா) இருக்கிறதா, வலிப்பு வந்ததா, உயரத்தில் தலை சுற்றுமா. பயணத்திலிருந்து பிள்ளையை நிறுத்திவிடுவோம் என்று பயந்து சிலர் சொல்வதில்லை. நிறுத்த மாட்டோம். அந்தப் பிள்ளைகள் ஓர் ஆசிரியரோடு கீழே பூங்காவையும் நூதனசாலையையும் பார்ப்பார்கள். கீழேயும் பார்க்க நிறைய இருக்கிறது. என்னைக் கேட்டால் உச்சியைவிடக் கீழேதான் அதிகம்.

உடை, விளையாட்டுச் சீருடை. பாவாடை வேண்டாம், மேலே காற்று பலம். பழகிய சப்பாத்து போடட்டும். பயணத்துக்கென்று புதிதாக வாங்கினால் நூறாவது படியில் குதிக்கால் கொப்பளிக்கும். இங்கே குளிருக்குப் போடும் ஸ்வெட்டர் தம்புள்ளையில் சுமையாகிவிடும், பஸ்ஸிலேயே விட்டுவிடலாம். ஒன்றரை லீற்றர் தண்ணீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) ஒரு பைக்கற். மத்தியானச் சோறு மூடியுள்ள பெட்டியில், பொலித்தீன் இல்லாமல். குரங்குகள் பை சரசரக்கும் சத்தத்துக்கே வந்துவிடும். சாப்பாட்டுப் பெட்டிகள் பஸ்ஸிலேயே இருக்கும், யாரும் மேலே கொண்டுபோகக் கூடாது. அகழி ஓரத்தில் முதலை எச்சரிக்கைப் பலகை உண்டு, கை கழுவக்கூட இறங்க விடமாட்டோம்.

செலவு ஒருவருக்கு 1,400 ரூபா. 10ஆம் திகதிச் சம்பளத்தின் பின், 13ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கடிதத்தோடு வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் பாதியை இப்போதும் மீதியை 25ஆம் திகதி அட்வான்ஸிலும் தரலாம். அதற்கும் வழியில்லை என்றால் நேரே என்னிடம் வாருங்கள், பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

சீகிரியாவிலிருந்து பிற்பகல் 1.30க்குப் புறப்படுவோம். பொழுது சாய்ந்தால் இனாமலுவைப் பாதையில் யானை இறங்கும். நம் பக்கத்து வளைவுகளில் மூடுபனியும் கட்டும். மாத்தளையைத் தாண்டியதும் வகுப்பாசிரியர் போன் எடுப்பார், அதன் பிறகு சந்திக்கு இறங்கி வந்தால் போதும்.

இப்படிக்கு,
அதிபர்