பெயர் அறியாத தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிக்கு நன்றி

திருகோணமலையில் என் தாயார் சத்திரசிகிச்சைக்குப் பின் வைத்தியசாலை விடுதியில் இருந்தபோது, கட்டில் கட்டிலாகச் சென்று, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் இன்னும் தேவைதானா என்று வைத்தியரிடம் கேட்டு, தேவையற்றதை அன்றே அகற்றச் செய்த தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தருக்கு இந்த நன்றியை எழுதுகிறேன். குழாய் உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை அவரே எங்களுக்கு விளக்கினார். மூதூரிலிருந்து பார்க்க வந்த உறவினர்களையும் கடிந்துகொள்ளாமல், அற்ககோல் திரவத்தை விரலிடுக்குகளும் பெருவிரலும் நனைய 20 முதல் 30 விநாடிகள் தேய்க்கும் முறையைப் பொறுமையாகச் செய்து காட்டினார். 1847 இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் கரைசலால் கைகழுவச் செய்து பிரசவத் தாய்மாரின் மரணங்களைக் குறைத்தாரே, அந்தப் பணியின் தொடர்ச்சியாகவே இதை மதிக்கிறேன். அம்மா தொற்றேதுமின்றி வீடு திரும்பினார். தங்களுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.