லென்ஸ் வாங்குவதற்கு முன்: காசிமேட்டைப் படமெடுக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த படங்கள் முழுவதையும் கோப்புறையோடு அனுப்பிவிட்டு, தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதே மடலின் கடைசியில், எடுப்பதெல்லாம் ஒரே மாதிரி இருப்பதாகவும் தேங்கிவிட்டோமோ என்று தோன்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைத்தான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.

லென்ஸைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்து, உங்கள் படங்கள் எந்தெந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸின் 55 முனையிலேயே, அதாவது அதிகபட்ச ஜூமிலேயே, பெரும்பாலானவை குவிந்திருந்தால், லென்ஸின் நீளம் போதவில்லை என்பதைவிட, ஆட்களை நெருங்கத் தயங்குகிறீர்கள் என்றே நான் பொருள்கொள்வேன். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரஸ்ஸன் தம் வேலையின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸைக் கொண்டே செய்தார். அந்தப் பணம் இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கட்டும்.

உங்கள் தேக்கம் படமெடுப்பதில் இல்லை, எடுத்தபின் பார்ப்பதில் இருக்கிறது என்பது என் கணிப்பு. விடியற்காலையில் எடுத்ததை அன்று மாலைக்குள் தேர்ந்தெடுத்து, திருத்தி, இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிடுகிறீர்கள். நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட், எடுத்த நேரத்து உற்சாகம் படத்தின் மதிப்பீட்டில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே, ஃபிலிமைக் கழுவாமல் நீண்ட காலம் தள்ளிப்போடுவார். 1984இல் அவர் இறந்தபோது கழுவப்படாத ரோல்கள் மட்டும் ஏறத்தாழ 2,500 இருந்தன என்பதால், தள்ளிப்போடுவதற்கும் ஓர் அளவு வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கு ஒரு மாதம் போதும். அதன்பின் பக்கத்து ஸ்டூடியோவில் சிறிய அளவில் பிரிண்ட் போட்டு, தரையில் பரப்பிவைத்துப் பாருங்கள்; கைப்பேசித் திரையில் பளிச்சென்று நின்ற படங்கள் பல அங்கே வாயடைத்துப் போகும்.

ஏலத்தில் கை உயர்த்தி நிற்கும் அம்மாளின் படத்தையே எடுத்துக்கொள்வோம். கை கூர்மையாக விழுந்திருக்கிறது, முகத்தில் குழல்விளக்கு வெளிச்சமும் சரியாக இருக்கிறது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆனால் கோப்புறையில் அதற்கு முந்தைய படத்தில் அவருடைய கை இன்னும் இடுப்பளவில்தான் இருக்கிறது, கண் மட்டும் எதிரே நிற்கும் வியாபாரியின் பக்கம் ஓரமாகத் திரும்பியிருக்கிறது. நீங்கள் பதிவேற்றியதில் விலை முடிந்துவிட்டது. ஒதுக்கியதிலோ அவர் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒதுக்கிய படத்தின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட நீல டிரம் ஒன்று கண்ணை இழுக்கிறது என்பதும், கூடையில் ஐஸ் வெளுத்துப்போயிருக்கிறது என்பதும் உண்மைதான். அரையடி வலப்பக்கம் நகர்ந்து, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி குறைத்திருந்தால் இரண்டுமே சரியாகியிருக்கும். ஆனாலும் என் ஓட்டு அந்தப் படத்துக்குத்தான். (அதைக் கறுப்பு வெள்ளையாக்கி டிரம்மை மறைக்கப் பார்க்காதீர்கள், நிறம் போனாலும் டிரம் அங்கேயேதான் நிற்கும்.)

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏலக் கூட்டத்தையும் சூரிய உதயத்தையும் தேடி வருகிற கேமராக்கள் அந்த நாட்களில் குறைந்துவிடும். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், மரவேலையும் வண்ணம் பூசுவதும் நடக்கும், வலையைச் சரிசெய்பவர்கள் ஓரிடத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் அவசரம் இல்லாத அந்த நேரத்தில், கிட் லென்ஸை 35இல் நிறுத்திவைத்துக்கொண்டு, பேசியபடியே எடுத்துப் பழகலாம். போகும்போது ஏற்கெனவே எடுத்தவர்களின் பிரிண்டுகளைக் கொண்டுபோய் அவரவரிடம் கொடுங்கள். அந்த அம்மாளைப் பார்க்க முடிந்தால் இரண்டு படங்களையும் காட்டி, எது தன்னைப் போல இருக்கிறது என்று கேளுங்கள். அவர் பதில் என்னுடையதற்கு நேர்மாறாக இருந்தாலும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனபிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்த முறையும், நீங்கள் ஒதுக்கியவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்