மூங்கில் ஆர்கன்

மணிலா
ஞாயிறு இரவு

அன்புள்ள ஸ்டெல்லா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாடகர் குழுவை விடப்போகிறேன் என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். இருபது வருஷமாக இதையேதான் சொல்கிறாய், போ! பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது. என் விரல்தான் அவனுக்கு முறுக்கு.

இன்றைக்கு மகன் என்னை இங்கே மணிலாப் பக்கத்து லாஸ் பினியாஸ் ஊரின் சூசையப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போனான். அங்கே மாடத்தில் ஒரு பைப் ஆர்கன், கட்டையை அமுக்கினால் குழாய்களுக்குள் காற்றுப் போய் ஓசை வருகிற பெரிய வாத்தியம். குழாயெல்லாம் மூங்கில்! மொத்தம் 1,031 குழாய்கள், அதில் 902 மூங்கில். தியேகோ செரா என்று ஒரு ஸ்பானியச் சாமியார், அந்தப் பங்கின் சாமி, 1816இல் ஆரம்பித்திருக்கிறார். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தாராம், பூச்சி அரிக்காமல் இருக்க. 1821இல் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் டிரம்பட் ஓசைக்கு மூங்கில் ஒத்துவரவில்லை. பிடிவாதம் பிடிக்காமல் அந்தக் குழாய்களை மட்டும் உலோகத்தில் செய்து 1824இல் முடித்தார். எனக்கு மனுஷனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

பூசை முடிந்ததும் ஒரு பெண் எங்களை மேலே ஏற்றிவிட்டாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். மூங்கிலின் கணு அப்படியே தெரிகிறது. கீழ்ப்பக்கம் காற்று வெளியே வர, புல்லாங்குழலுக்கு இருப்பது போல ஒரு வாய். உலோக டிரம்பட்டுகள் மட்டும் படுக்கைவாட்டில் நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓசையும் அப்படித்தான். மூங்கில் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் லேசாக மூச்சு விட்டுவிட்டுப் பாடுகிறது. டிரம்பட் வந்தால் காது அடைக்கிறது. குருவி மாதிரிக் கீச்சிட ஒரு ஸ்டாப்கூட (ஓசையை மாற்றுகிற பிடி) உண்டு, பேரன் இருந்தால் குதித்திருப்பான்.

நிலநடுக்கம், புயல் என்று நிறைய அடிபட்டு, ரொம்ப நாள் பாதி ஊமையாகக் கிடந்ததாம். 1973இல் கழற்றி ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறார்கள், பான் நகரத்தில் ஆர்கன் செய்கிற கிளைஸ் பட்டறைக்கு. அந்த ஊர் காற்றில் மூங்கில் வெடித்துவிடும் அல்லவா? அதனால் இந்த ஊர் வெக்கையும் ஈரப்பதமும் இருக்கிற மாதிரி ஒரு அறையே அமைத்து, அதற்குள் வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். 1975இல் திரும்பி வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து பிப்ரவரிதோறும் இதற்கென்று இசை விழா நடக்கிறது.

உனக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று. கட்டை வரிசை ஒன்றுதான், ஆனால் ஸ்பானிய வழக்கப்படி நடுவில் பிரித்திருக்கிறார்கள். இடது கைக்கு ஒரு ஓசை, வலது கைக்கு வேறு. உன் கீபோர்டில் 'ஸ்பிளிட்' அமுக்கினால் வருவதேதான்! அது புது வித்தை என்று நீ எவ்வளவு பீற்றிக்கொண்டாய்.

ஈஸ்டருக்கு இடது பக்கம் புல்லாங்குழலும் வலது பக்கம் டிரம்பட்டும் வைத்து வாசித்துப் பார். பங்குச்சாமி என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
மேரி