கோ-கோ மைதானத்தில் கண்ணாடி: இரவுக் காவலர் கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
முதன்மைக் கல்வி அலுவலகம்.

நாள்: 10.11.2025

பொருள்: காலியாக உள்ள இரவுக் காவலர் பணியிடத்தை நிரப்பவும், அதுவரை அரசு நிதியில் தற்காலிகக் காவலர் ஒருவரை நியமிக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் 12.06.2023, 08.07.2024, 17.03.2025 ஆகிய நாட்களில் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளி தங்களுக்குத் தெரியாதது இல்லை. சந்தைப்பேட்டைக்குப் பின்னால், ரயில்வே கேட் போகிற வழியில் இருக்கிறது. சென்ற மார்ச்சில் பொதுத் தேர்வைப் பார்வையிட வந்தபோது தாங்கள் வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தினீர்கள். அங்கிருந்து மேற்கே பார்த்தால் இடிந்த சுற்றுச்சுவர். அதற்கு இந்தப் பக்கம் இருப்பதுதான் நான் எழுதப்போகிற மைதானம். தங்களின் மேலான கவனத்திற்குக் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

1. பள்ளியின் இரவுக் காவலர் 2022 மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. அவரிடம் இருந்தது ஒரு டார்ச் லைட்டும் ஒரு நாயும்தான். ஆனால் சுவரேறுகிற ஒவ்வொருவனையும் "நீ இன்னார் மகன்தானே?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கே பயல்கள் இறங்கி ஓடிவிடுவார்கள்.

2. அவர் போன பிறகு இரவில் மைதானம் குடிப்பவர்களுக்கானது ஆகிவிட்டது. நகராட்சிப் பகுதியில் மதுக்கடை பள்ளியிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்பது விதி. விதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடை பத்து மணிக்கு மூடுகிறது, அதற்குப் பிறகு உட்கார இடம் வேண்டும், எங்கள் பள்ளி திறந்து கிடக்கிறது. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்பதால் உடையாத பாட்டிலை விடியற்காலையில் யாராவது பொறுக்கிப் போய்விடுகிறார்கள். உடைந்ததற்கு யாரும் காசு தருவதில்லை. அது எங்கள் பிள்ளைகளுக்கு.

3. என் மகள் பள்ளியின் கோ-கோ அணியில் இருக்கிறாள். இந்த ஆட்டத்தைச் செருப்பில்லாமல்தான் ஆடுவார்கள். எட்டுப் பேர் நடுப் பாதையில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி துரத்துவாள். ஓடுகிறவள் கைக்கு எட்டாமல் விலகினால் துரத்துகிறவள் மண்ணில் நெஞ்சுபடப் பாய்ந்து விழுந்து தொட வேண்டும். எங்கள் பிள்ளைகள் குறுவட்டப் போட்டியில் ஜெயித்தது இந்தப் பாய்ச்சலால்தான்.

ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை இதே மைதானத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அன்று கடை மூடல். அதற்கும் சேர்த்து சனியும் ஞாயிறும் குடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பயிற்சி. பிள்ளைகள் வழக்கம்போல் கண்ணில் பட்ட சில்லுகளைப் பொறுக்கிவிட்டுத்தான் ஆடினார்கள். கண்ணில் படாதது ஒன்று இருந்தது. என் மகள் கோ-கோ கம்பத்துக்குப் பக்கத்தில் பாய்ந்தாள். இடது முழங்கைக்குக் கீழே ஏழு தையல், ஒரு டிடி ஊசி. பாட்டிலின் பழுப்புக் கண்ணாடி செம்மண்ணில் தெரியாது அம்மா. வெயில் ஏறினால்தான் மின்னும். ஏழு மணிக்கு ஏது வெயில்?

என் வீட்டுக்காரர் கொத்தனார். பூச்சு மணல் சலிக்கிற சல்லடையை மறுவாரமே பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதிலிருந்து திங்கட்கிழமை தோறும் ஆறரை மணிக்கு உடற்கல்வி ஆசிரியையும் பிள்ளைகளும் மண்ணை அள்ளிச் சலிக்கிறார்கள். மைதானம் 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். அத்தனையையும் சலிக்க முடியுமா? நடுப் பாதையையும் இரண்டு கம்பங்களைச் சுற்றியும் மட்டும் சலிக்கிறார்கள். சல்லடையில் நிற்கிற சில்லுகளைப் பழைய பெயின்ட் டப்பாவில் போடுகிறார்கள். அந்த டப்பா நிறைந்து இப்போது இரண்டாவது டப்பா ஓடுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்து சித்தாள் வேலை பார்க்கிறார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். மாவட்டப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். விழுந்து தொட வேண்டிய இடத்தில் எங்கள் பிள்ளைகள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். அது வேறு ஊர் மைதானம், சுத்தமான மண். ஆனாலும் விழவில்லை. தோற்றுத் திரும்பினோம். தையல் பிரித்து எவ்வளவோ நாளாகிவிட்டது, பயம் இன்னும் பிரியவில்லை.

4. கழிப்பறைக் குழாய்களை இரவில் திருகிக்கொண்டு போகிறார்கள். குழாய் இல்லாத வாரங்களில் பெரிய பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை, தாங்களும் ஒரு பெண்.

5. எங்களுக்கு இதுவரை கிடைத்த பதில்கள்:

கேமரா வையுங்கள் என்றார்கள். நன்கொடை வாங்கி வைத்தோம். முதல் மாதமே கேமராவைக் காணோம்.

போலீஸில் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னோம். முன்கேட்டில் ரோந்து நோட்டு ஒன்று தொங்குகிறது, வருகிறவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். குடிப்பது மேற்குச் சுவரோரம்.

பெற்றோரிடம் வசூலித்து ஆள் போடுங்கள் என்றார்கள். அதையும் செய்தோம். 640 பிள்ளைகள், வீட்டுக்கு 50 ரூபாய் என்று கேட்டதில் பாதிப் பேர்தான் கொடுத்தார்கள். வந்த 16,000 ரூபாய் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சரியாய்ப் போயிற்று. அந்த இரண்டு மாதமும் மைதானத்தில் ஒரு சில்லு கிடையாது. காவலர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

பள்ளி மானியத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஒருவர். 251 முதல் 1,000 பேர் வரை படிக்கிற பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருடத்துக்கு 75,000 ரூபாய். ஒரு காசு மிச்சமில்லாமல் சம்பளமாகவே கொடுத்தாலும் மாதம் 6,250 ரூபாய். சாக்பீஸ், கரண்ட் பில், துடைப்பம், ரிப்பேர் எல்லாம் அதில்தான்.

கடைசியாக, மார்ச் மாத மனுவுக்கு, டெல்லியிலிருந்து பணம் வரவில்லை என்று தங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். மத்திய அரசு தர வேண்டிய 2024-25க்கான பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதை நாங்களும் பேப்பரில் படித்தோம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஓய்வு பெற்றவர் மாநில அரசு அனுமதித்த பணியிடத்தில், மாநில அரசின் சம்பளம் வாங்கியவர். அந்த இடம் ஒன்றும் ஒழிக்கப்படவில்லை, காலியாக இருக்கிறது. மூன்று வருடத்துக்கு மேல் அந்தச் சம்பளம் மிச்சமாகியிருக்குமே, அது எங்கே போனது என்று கேட்டால் எங்களுக்குத் திமிர் என்கிறார்கள்.

இரண்டாவது மனுவுக்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது." யார் தீர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

6. எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் இதை எழுதச் சொன்னார். கும்பகோணத்தில் 16.07.2004 அன்று 94 குழந்தைகள் தீயில் போன பிறகு, உச்ச நீதிமன்றம் 13.04.2009 அன்று ஒரு தீர்ப்பு சொன்னது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் சேர்ந்தது என்பது அதன் சாரம். சட்டம் எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் அறைக்கு இரண்டு பூட்டும் ஒரு கிரில் கேட்டும் இருப்பது தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை, அரசாங்கப் பொருள், பூட்டத்தான் வேண்டும். பிள்ளைகள் விழுகிற மண்ணுக்கு ஒரு ஆள் கேட்கிறேன்.

7. ஒரே ஒரு ஆள் அம்மா. பணியிடத்தை நிரப்ப அரசாணை வர வேண்டும், நாளாகும் என்றால் சரி, காத்திருக்கிறோம். அதுவரை தொகுப்பூதியத்தில் ஒருவரைப் போடுங்கள். முன்பிருந்த காவலரே வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார், நாயும் இருக்கிறது.

எழுதியதில் மரியாதைக் குறைவு இருந்தால் மன்னிக்கவும். முதல் மூன்று மனுக்களில் அப்படி எதுவும் இருக்காது, எடுத்துப் பார்க்கலாம், கோப்பில் இருந்தால்.

மீண்டும் கேட்டுக்கொள்கிறேன், ஒரு இரவுக் காவலரை நியமித்துத் தாருங்கள். இந்த மனு மீது முடிவெடுக்கும் முன், முடிந்தால் ஒரு திங்கட்கிழமை ஆறரை மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். பிள்ளைகள் சலித்துக்கொண்டிருப்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)