சம்பந்தி வீட்டில் மாட்டுவதற்கு முன்

திருத்துறைப்பூண்டி,
தை 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நீ கேட்டால் "பேட்டரி ஜோரா ஓடுதும்மா" என்றுதான் வாய் சொல்கிறது. ஒரு மாதமாகச் சொன்னதில் பாதி பொய். பேராவூரணியில் சம்பந்தி வீட்டுக்கும் இதே மாதிரி சோலார் பேட்டரி வாங்கித் தரப்போவதாகவும், அப்பாவே வந்து மாட்டிக்கொடுப்பார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டதாகவும் போன வாரம் சொன்னாய். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

கஜா அடித்து, கம்பமெல்லாம் சாய்ந்து, நாம் இருட்டில் கிடந்த 2018 நவம்பரை நினைத்துத்தான் நீ இதற்குப் பணம் அனுப்பினாய். வந்த நாலு செல்லும் 280 ஆம்பியர் அவர் கொள்ளளவு, லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், வரிசையாகக் கோத்தால் 12.8. பிரித்ததும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நாலும் 3.29. இதற்குமேல் என்ன பொருத்தம் பார்ப்பது? அன்றைக்கே பட்டை வைத்து முறுக்கி, பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லையும் கவனித்து, அளவு மீறினால் சார்ஜை வெட்டும் போர்டு) கட்டி மாட்டிவிட்டேன். 35 வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டி, ஆசிட் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய கை. அதற்கு இதுவும் இன்னொரு பேட்டரிதான்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மூடாக்கு. பேட்டரி ஒரு நாளும் நிறையவில்லை, அதனால் குற்றமும் வெளியே தெரியவில்லை. மார்கழிக் கடைசியில் வெயில் வந்தது. தினமும் மத்தியானம் பதினொன்றரைக்கெல்லாம் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். பிஎம்எஸ் வெட்டிவிடுகிறது. மொத்தம் 13.7 வோல்ட்தான், 14.2 வரை போக வேண்டியது. செல் செல்லாகப் பார்த்தால் ஒன்று மட்டும் முழுக்க நிறைந்து 3.68, மற்ற மூன்றும் 3.33, 3.34.

அப்போதாவது உனக்குப் போன் பண்ணியிருக்கலாம். பிஎம்எஸ்தான் மட்டம் என்று முடிவு கட்டி, ஒரு வயர்த் துண்டு போட்டு அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டேன், சும்மா ஒரு மத்தியானம் பார்க்கலாமே என்று. சார்ஜருக்கு மொத்தம்தான் தெரியும், எந்த செல் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. மொத்தம் 14.2 வரவில்லையே என்று அது தள்ளிக்கொண்டே இருந்தது. நான் வாசலில் நெல் மூட்டைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். "ஏங்க, பெட்டி சுடுது" என்று உங்கம்மா கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அந்த ஒரு செல் 3.9 தாண்டி நிற்கிறது, பக்கவாட்டில் லேசாக வயிறு தள்ளியிருக்கிறது. முதலில் பேனலைப் பிரித்தேன், அப்புறம் பேட்டரியை. கை நடுங்கியது. உங்கம்மா தாலிக்கொடி தொங்க எட்டி எட்டிப் பார்க்கிறாள். அதற்கு அவளை ஒரு சத்தம் போட்டேன். என்மேல் இருந்த கோபம் அவள்மேல் போயிற்று.

தாலிக்கொடி பயம் வீண் பயம் இல்லை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் இரண்டு முனைக்கும் குறுக்கே உலோகம் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். இப்போது ஸ்பேனர் முழுக்க டேப் சுற்றி, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன்.

இந்த வகை செல் கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் ஏறக்குறைய ஒரே வோல்ட்தான் காட்டும். அடியிலும் உச்சியிலும்தான் வித்தியாசம் தெரியும். நாலும் 3.29 என்றால் நாலும் ஒரே அளவு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அதைத்தான் நான் தெரிந்துகொள்ளவில்லை. பிஎம்எஸ்ஸே சமப்படுத்தாதா என்று கேட்பாய். நம்மிடம் உள்ளது 50 மில்லி ஆம்பியர்தான் வடிக்கும், அதுவும் உச்சியில். செல்லுக்கு செல் 28 ஆம்பியர் அவர் வித்தியாசம் என்றால் 560 மணி நேரம் ஆகும்.

வயிறு தள்ளிய செல்லை ஒதுக்கிவிட்டேன். வீட்டை விட்டுத் தள்ளி, மணல் போட்ட மண்தொட்டியில் இருக்கிறது. திருச்சியில் புது செல் ஒன்றும், ஒரு 10 ஆம்பியர் பவர் சப்ளையும் வாங்கினேன். நம் காசுதான், நீ அனுப்ப வேண்டாம். இந்தத் தடவை முதலிலேயே வரிசையாகக் கோக்கவில்லை. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். நாலு வயலுக்கும் நடுவில் வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் தானே மட்டமாகும் அல்லவா, அதே கணக்கு. செல்லில் மாட்டும் முன்பே சப்ளையை 3.65க்கு வைத்துவிட வேண்டும். மாட்டிய பிறகு திருகக் கூடாது. ஒன்றரை நாள் ஓடியது, கட்டிலைப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஆம்பியர் இரண்டுக்குக் கீழே இறங்கியதும் கழற்றி, வரிசையாகக் கோத்தேன்.

இன்னொரு வெட்கக்கேடு. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய, ஏசி கரண்டுக்கான எம்சிபியைத்தான் (கரண்ட் மீறினால் தானே விழும் சுவிட்ச்) பேட்டரிக்கும் போட்டிருந்தேன். ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால் சுவிட்ச் விழும்போது வரும் தீப்பொறி அணையும். பேட்டரியின் டிசி கரண்டுக்கு அந்தப் பூஜ்யமே கிடையாது. இப்போது பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 125 ஆம்பியர் டிசி ஃபியூஸ், 35 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள். சார்ஜரில் ஈக்வலைஸ் என்று, கூடுதல் வோல்ட்டில் ஏற்றும் வசதி ஒன்று இருந்தது, அது ஆசிட் பேட்டரிக்கானது, நிறுத்திவிட்டேன். அறுப்பு முடிந்து எலி வீட்டுக்குள் வருகிறது, வயரெல்லாம் பைப்புக்குள் போய்விட்டது. பெட்டியும் தரையிலிருந்து இரண்டரை அடி மேலே.

சம்பந்திக்கு வாங்குவதானால் செல்லுக்கு செல் வோல்ட் காட்டும் பிஎம்எஸ்ஸாக வாங்கு. செல் வந்ததும் நேராக நம் வீட்டுக்கு அனுப்பு. இங்கேயே சமப்படுத்தித்தான் பேராவூரணிக்கு எடுத்துப் போவேன். என் முட்டாள்தனத்தை மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

இன்றைக்கு மத்தியானம் பார்த்தது: 3.54, 3.55, 3.55, 3.56. இனி போனில் "எப்படிப்பா ஓடுது" என்று கேட்காதே. நாலு நம்பரையும் கேள். அம்மா மீட்டர் பிடிக்கப் பழகிவிட்டாள், அவளே படிப்பாள்.

அன்புடன்,
அப்பா