உபதேசியார்களின் பெயரைச் சொல்லித் தந்தவர்களுக்கு நன்றி

பிஜியிலிருந்து திரும்பி ஒரு மாதம் ஆகிறது. எங்கள் சபையின் ஆண்டு மலருக்காக, அங்கே மெதடிஸ்த திருச்சபை வளர்ந்த கதையை எழுதி முடித்து நேற்றுதான் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். கட்டுரையின் கீழே என் பெயர் மட்டும் நிற்கிறது. அது நியாயமில்லை என்று பட்டதால் இந்த மடல்.

முதல் நன்றி, பிஜியின் தலைநகர் சுவாவில் என்னைத் தம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடம் எடுத்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு. நான் கொண்டுபோன குறிப்பில் எல்லாம் வெள்ளைக்கார மிஷனரிகளின் பெயர்களே இருந்தன. 1835-இல் லக்கெம்பா தீவில் இறங்கிய கார்கிலும் கிராசும், புதிய ஏற்பாட்டைப் பிஜி மொழியில் கொண்டுவந்த ஜான் ஹண்டும். ஐயா பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, வீடு வீடாகப் போனவர்கள் எங்கே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என் கட்டுரையை மாற்றியது.

அவர்தான் ஜொவெலி ம்புலுவைப் பற்றிச் சொன்னார். பக்கத்துத் தீவு நாடான டோங்காவிலிருந்து 1838-இல் வந்த உபதேசியார், அதாவது குருவானவருக்குத் துணையாக ஊர் மக்களுக்கு வேதம் கற்பிப்பவர். தீவு தீவாகப் போய்ச் சபைகளை வளர்த்துக் குருவானவராகி, பின்னாளில் ம்பாவ் தீவின் தாகொம்பாவு அரசருக்கே ஆத்தும வழிகாட்டியானவர். தாகொம்பாவு 1854-இல் கிறிஸ்தவத்துக்கு வந்த பிறகே ஊர் ஊராக மக்கள் சபைக்குள் வந்தார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் அப்படி வந்தவர்களுக்கு எழுத்தும் ஜெபமும் கற்றுக்கொடுத்தது யார்? தீவுக்காரர்களான உபதேசியார்கள்தான்.

எழுத்தைப் பற்றியும் ஐயா ஒன்று காட்டினார். ஒரு காகிதத்தில் ஆங்கில எழுத்து 'பி'யை (b) போட்டு, "இதை நாங்கள் 'ம்ப' என்று படிப்போம்" என்றார். அடுத்து 'டி'யை (d) போட்டார், அது 'ந்த'. ஆரம்பத்தில் மிஷனரிகள் இவற்றை இரண்டிரண்டு எழுத்தாக எழுதினார்களாம். ஊர் மக்கள் காதில் அது ஒரே ஒலி, அதனால் வாசிப்பு இடறியது. அப்புறம்தான் ஒலிக்கு ஓர் எழுத்து என்று ஆனது. சொல்லிக்கொடுக்கப் போனவர்களுக்கே அந்த மக்கள் தங்கள் மொழியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்!

ம்பாவ் தீவுக்குப் படகில் கூட்டிப்போன அண்ணனுக்கும் நன்றி. ஊர்த் தலைவர் முன் காணிக்கையாக வைக்கும் யங்கோனா (கவா பானம் தயாரிக்கும் செடி) வேர்க் கட்டை எப்படி இரு கையாலும் ஏந்தி வைக்க வேண்டும் என்று படகிலேயே பழக்கிவிட்டார். ஆலயத்துக்குள், ஒரு காலத்தில் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்ட கல், இன்று ஞானஸ்நானத் தொட்டியாக நிற்கிறது. ஓரம் சொரசொரப்பாக இருக்கிறது. தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், எனக்குக் கை வரவில்லை. பக்கத்தில் நின்ற பாட்டியம்மா ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். அந்தப் பாட்டியம்மாவின் பெயர்கூட நான் கேட்கவில்லை.

நவுலோவா வேதாகமப் பள்ளியின் கதையைச் சொன்ன குருவானவர் ஐயருக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். 1875-இல் தட்டம்மை வந்து பிஜியில் சுமார் 40,000 பேர் இறந்தார்கள். துக்கம் ஆறாத அதே ஆண்டில், பப்புவா நியூ கினி பக்கமுள்ள நியூ பிரிட்டன் தீவுக்கு ஊழியம் செய்ய யார் வருவீர்கள் என்று அந்தப் பள்ளியில் கேட்டார்கள். ஒன்பது பேர் புறப்பட்டார்கள். ஆபத்து என்று அரசு அதிகாரி கூப்பிட்டு எச்சரித்தும் பின்வாங்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து, அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த சைலாசா நவுதுகிந்தி என்ற பிஜிக் குருவானவரும் மூன்று உபதேசியார்களும் கொல்லப்பட்டார்கள். ஐயர் இதைச் சொல்லும்போது, தன் வீட்டில் நடந்த சாவைச் சொல்வதுபோல் குரல் தழுதழுத்தது. தாமஸ் பேக்கர் என்ற மிஷனரி 1867-இல் பிஜியில் கொல்லப்பட்டதை நான் முன்பே வாசித்திருந்தேன். அவரோடு ஏழு பிஜியர்களும் இறந்தார்கள் என்பதை ஐயர் சொல்லித்தான் அறிந்தேன்.

சுவாவில் டட்லி ஆலயத்து அக்காவை மறக்க முடியுமா? கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த தென்னிந்தியக் குடும்பத்தின் பேத்தி. 1897-இல் வந்த ஹன்னா டட்லி அம்மையார் இந்தியப் பிள்ளைகளுக்காகத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தியதையும், அநாதைகளைச் சேர்த்து வளர்த்ததையும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். தமிழில் அவருக்கு மிஞ்சியிருந்தவை சில சொற்கள்தான். "தம்பி, சாப்பிடு" என்பது அதில் ஒன்று. மூன்று வாரமும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மலர் அச்சாகி வந்ததும் நான்கு பிரதிகள் சுவாவுக்கு அனுப்புகிறேன். தமிழ் படிக்கத் தெரியாதே என்று அக்கா சொன்னார். பெயர்கள் வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் பிஜி எழுத்தில் எழுதி அனுப்புவேன் அக்கா. ஐயா அவற்றைச் சரிபார்க்கட்டும்.

வினாகா வாகாலெவு. பிஜி மொழியில், மிக்க நன்றி.